ஆறு மாதத்துக்கு மட்டும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் மனம் நொந்துபோகிறது. லீ குவான் யூ போன்ற ஒருவரிடம் இருபது வருடம் இந்தியாவை ஒப்படைத்திருந்தால் நாம் எங்கோ போயிருப்போம். தென் கொரியாவுக்கு பார்க் சுங் ஹீ, தைவானுக்கு சியாங் கை ஷேக், சீனாவுக்கு டெங். முதலில் சோறு, அப்புறம்தான் ஓட்டு. ஏழை நாட்டுக்கு ஜனநாயகம் கட்டுப்படியாகாது, வளர்ந்த நாட்டுக்கு அது பெரிதாகத் தேவைப்படுவதும் இல்லை. படிக்காதவர்கள் காசு வாங்கிக்கொண்டு போடும் ஓட்டில் என்ன வந்துவிடப்போகிறது? இலங்கையில் தமிழர்களை நடுத்தெருவில் நிறுத்தியதும் ஓட்டுக் கணக்குதானே? நான் நினைப்பது தவறா?

கண்ணன்

அன்புள்ள கண்ணன்,

தவறுதான். இந்தப் பேச்சைக் கொஞ்ச நாளாகவே பலரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் நன்றாகப் படித்த, உண்மையிலேயே நாட்டின் மீது அக்கறை உள்ள பிள்ளைகள், அதுதான் வருத்தமே. பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தபோது உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது. கொஞ்சம் கடுமையாக எழுதினால் அது அவர்களுக்கும் சேர்த்துத்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிக்காதவன் ஓட்டு என்பதை இனி எங்கும் எழுதாதீர்கள். நெருக்கடி நிலைக்காலத்தில் ரயில் நேரத்துக்கு வருகிறது என்று மெச்சிக்கொண்டது படித்த கூட்டம். 1977இல் ரேபரேலியில் இந்திராவையும் அமேதியில் சஞ்சயையும் வீட்டுக்கு அனுப்பியது, கட்டாயக் கருத்தடைக்கு இழுத்துப் போகப்பட்ட, கையெழுத்துப் போடத் தெரியாத ஜனங்கள். (தமிழ்நாட்டில் நாம் அந்தத் தேர்தலில் எந்தப் பக்கம் நின்றோம் என்று தேடிப் பாருங்கள், பெருமைப்பட ஒன்றுமில்லை.)

இலங்கை பற்றி நீங்கள் சொன்னது மட்டும் கனமான விஷயம், அதைப் போய் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 1948இல் மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்ததும், 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவந்ததும் வாக்கெடுப்பில்தான், மறுக்கவில்லை. பெரும்பான்மையின் கையைக் கட்ட வழி தேட வேண்டும் என்பதற்கு அது நல்ல சாட்சி. அதே அதிகாரத்தை மொத்தமாக ஒருவர் கையில் கொடு என்பதற்கு எப்படிச் சாட்சியாகும்? அதையும் அவர்கள் செய்து பார்த்தார்களே. வலுவான தலைவர் வேண்டும் என்று 2019இல் கோத்தபாயவைக் கொண்டுவந்தார்கள். 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை என்று ஒரே அறிவிப்பு. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார், அதற்குள் விவசாயிக்கு விழ வேண்டிய அடி விழுந்துவிட்டது.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். லீ, பார்க், சியாங், டெங். தேர்வில் பாஸானவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தி, இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாஸ் என்கிறீர்கள். பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் எங்கே? பர்மாவின் நே வின் எங்கே? தமிழ்நாட்டில் பிறந்துவிட்டு பர்மாவை மறந்தால் எப்படித் தம்பி?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருந்தார். பர்மா ஆச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ரங்கூன் மொகல் தெருவில் அவர்களுக்குக் கடை இருந்தது. 1958இல் பிரதமர் ஊ நூவின் கட்சி இரண்டாக உடைந்து அரசாங்கம் ஆடிப்போனபோது, ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி ஆட்சி ராணுவத் தளபதி நே வின்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆறு மாதம் 1960 வரை நீண்டது. ஆனால் அந்தக் காலத்தில் ரங்கூன் நிஜமாகவே சுத்தமானது. மலைபோலக் கிடந்த குப்பையை அள்ளினார்கள், குடிசைகளை நகரத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள், அதிகாரிகள் நேரத்துக்கு வந்தார்கள். ஆச்சியின் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம், 'இவரே பத்து வருஷம் இருந்தால் இந்த ஊர் எங்கேயோ போயிடும்' என்பாராம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

1960இல் நே வின் தேர்தல் நடத்திப் பதவியைத் திருப்பியும் கொடுத்தார். பார்த்தாயா, நாணயமான ஆள் என்று எல்லோரும் மெச்சினார்கள். 1962 மார்ச்சில் வந்து எடுத்துக்கொண்டார், இந்த முறை யாரையும் கேட்கவில்லை. 1964 மார்ச்சில் கடைகள் தேசியமயமாயின. ஆச்சியின் கடைக்கு வந்தவர்கள் தராசு, எடைக்கல் வரைக்கும் எண்ணிப் பட்டியல் போட்டு, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கதவில் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்களாம். மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. கப்பலேறும்போது துறைமுகத்தில் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். செல்லாத நோட்டை மட்டும் யாரும் தடுக்கவில்லை, ஆச்சி அதில் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். அதை வைத்துத்தான் நாங்கள் கடை வைத்து விளையாடுவோம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் இப்படி வந்து இறங்கினார்கள், சென்னை பர்மா பஜாருக்குப் பெயர் வந்ததும் அவர்களால்தான்.

இந்தியர்களைத் துரத்தியாயிற்று, பர்மியர்களாவது நன்றாக இருந்தார்களா? இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் மாற்றுப் பணம்கூடக் கிடையாது என்று செல்லாமல் போயின. கையில் இருந்த சேமிப்பெல்லாம் ஒரே நாளில் காகிதமாயிற்று. அப்புறம் வந்தவை 45, 90 கியாட் நோட்டுகள். ஏன் 45, ஏன் 90? ஒன்பதால் வகுபடுமாம், ஒன்பது நே வின்னுக்கு ராசியான எண் என்று ஊரே பேசியது. 45 கியாட்டுக்குச் சாமான் வாங்கி 90 கியாட் நோட்டைக் கொடுத்து மீதி வாங்குவதை யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டுதான் ஐக்கிய நாடுகள் சபை பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. அவரைச் சுற்றியும் படித்த அதிகாரிகள் இருந்திருப்பார்கள், கணக்குத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். 'ஐயா, இது வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வேலையோடு வீடு திரும்ப முடியாத இடத்தில் அவர்கள் இருந்து என்ன பயன்? ஆறு மாதத்துக்கு என்று முதலில் வந்தவர், 1962இல் மறுபடி ஏறிய பிறகு 1988 வரை இறங்கவில்லை. நீங்கள் எடுத்த எடுப்பிலேயே இருபது வருடம் தருகிறேன் என்கிறீர்கள்.

உங்கள் கற்பனையில் வரும் வலுவான தலைவர் எப்போதும் உங்களுக்குப் பிடித்ததையே செய்கிறார், கவனித்தீர்களா? அவர் சீல் வைப்பதெல்லாம் அடுத்தவன் கடைக்குத்தான்.

வளர்ந்த நாட்டுக்கு இது தேவையில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தென் கொரியாவைவிட வளர்ந்த நாடு எத்தனை இருக்கிறது? 2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு அதன் அதிபர் யூன் டிவியில் தோன்றி ராணுவச் சட்டம் என்றார். உறுப்பினர்கள் சுவர் ஏறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் போனார்கள், ஊழியர்கள் மேஜை நாற்காலிகளைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துச் சிப்பாய்களைத் தடுத்தார்கள், 190 பேர் கூடி ஒருவர்கூட எதிர்க்காமல் அதை ரத்துசெய்து தீர்மானம் போட்டார்கள். பொழுது விடிவதற்குள் முடிந்த கதை. ராணுவ ஆட்சியை எதிர்த்து 1980இல் குவாங்ஜூ நகரில் சுடப்பட்டவர்களும் 1987இல் தெருவுக்கு வந்தவர்களும் வாங்கிக் கொடுத்த பழக்கம் அது, பார்க் கொடுத்ததல்ல.

சிங்கப்பூரிலேயே லீ ஒருபோதும் தேர்தலை நிறுத்தவில்லை, எதிர்க்கட்சியை நெருக்கினாரே தவிர ஓட்டுப்பெட்டியை மூடவில்லை. 2011இல் அல்ஜூனிட் குழுத்தொகுதியில் வெளியுறவு அமைச்சரே தோற்ற பிறகுதான் அமைச்சர்களின் சம்பளத்தைப் பற்றி மறுபடி யோசித்து, 2012இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தார்கள். அத்தனை திறமையான அரசாங்கத்துக்கும் ஒரு தொகுதி கைவிட்டுப் போனால்தான் காது கேட்டது.

அங்கேயே இருந்துகொண்டு ஜே.பி. ஜெயரத்தினம் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். நாடாளுமன்றம் முழுக்க ஒரே கட்சி உட்கார்ந்திருந்த காலத்தில், 1981 அக்டோபர் 31 அன்று ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயித்துத் தனியாளாக உள்ளே போனவர். பின்னால் வழக்குகளிலும் நஷ்டஈட்டிலும் திவாலாக்கப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் தேசிய நூலகத்துக்குப் போய் அந்த நவம்பர் முதல் வாரத்துத் தமிழ் முரசைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். என்ன எழுதியிருந்தார்கள் என்று எனக்கும் சொல்லுங்கள், இருபது வருடக் கணக்கை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.