கடைக்காரர் சொன்ன 2×12 உங்களுக்கு வேண்டாம்

கேள்வி: என்னிடம் லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் (ஆம்ப், கேபினெட் ஒலிகளைப் போலச் செய்யும் பெடல்) இருக்கிறது. இதுவரை ஹெட்ஃபோனில்தான் கிட்டார் வாசித்தேன். இப்போது ஸ்பீக்கரை ஓட்ட, பெடல் அளவிலான ஒரு பவர் ஆம்ப் வாங்கியிருக்கிறேன். 4 ஓமில் 100 வாட் என்று பின்னால் போட்டிருக்கிறது. அபார்ட்மென்ட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நேராக மிக்சரில் செருகி வாசிப்பேன். கடையில் 12 அங்குல விண்டேஜ் 30 கிட்டார் ஸ்பீக்கர் இரண்டு போட்ட 2×12 கேபினெட்டை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நல்ல பெட்டிதான், ஆனால் உங்கள் வேலைக்கு ஆகாது. அறை அளவு, வாட் எல்லாம் எழுதிவிட்டு, போகிறபோக்கில் சர்ச் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முடிவு அந்த வரியில்தான் இருக்கிறது.

கிட்டார் ஸ்பீக்கர் வந்த ஒலியை வந்தபடி வெளியே விடாது. ஏறக்குறைய 70 ஹெர்ட்ஸில் தொடங்கி 5,000 ஹெர்ட்ஸ் வரை பாடும். அதற்கு மேலே மளமளவென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷனில் கிளம்பும் கரகரப்பை அடக்கி, நாம் ‘கிட்டார் டோன்’ என்று சொல்லும் ஒலியாக மாற்றுவதே அந்த இறக்கம்தான். உங்கள் ஸ்டாம்ப்புக்குள் இருக்கும் கேப் பிளாக்கும், நீங்கள் ஏற்றி வைத்திருக்கும் ஐஆர் ஃபைலும் (ஒரு கேபினெட்டின் ஒலித் தன்மையைப் பதிந்த கோப்பு) செய்வது இதே வேலை: ஒரு கேபினெட்டின் முன்னால் மைக் வைத்தால் எப்படிக் கேட்குமோ, அதைப் போலச் செய்து காட்டுகின்றன. கேப் பிளாக்கைப் போட்டபடியே விண்டேஜ் 30-க்குள் விட்டால், வடித்த டிகாஷனை மறுபடி ஃபில்டரில் ஊற்றிய கதை. போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலக் கேட்கும்.

‘அப்படியானால் வீட்டில் கேப் பிளாக்கை அணைத்துவிட்டால் போயிற்று’ என்பீர்கள். சரிதான், வீட்டில் பிரமாதமாக இருக்கும். இன்றிரவு ஒரு சோதனை செய்யுங்கள்: ஹெட்ஃபோனை மாட்டி, நல்ல ஓவர்டிரைவ் பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) ஒன்றில் கேப் பிளாக்கை மட்டும் அணைத்துப் பாருங்கள். குளவிக்கூட்டில் கல்லெறிந்த மாதிரி இருக்கும். வீட்டில் அணைத்ததை மறந்து ஞாயிறு காலை மிக்சரில் செருகினால் சபைக்குக் கேட்கப்போவது அதுதான். நானே ஒரு மேடையில் முதல் பாட்டு முழுக்க அப்படி வாசித்துவிட்டு, சவுண்டில் உட்கார்ந்திருந்தவரை முறைத்திருக்கிறேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆகவே உங்களுக்கு வேண்டியது எஃப்ஆர்எஃப்ஆர் வகை, அதாவது கொடுத்ததைக் கூட்டாமல் குறைக்காமல் பாடும் பெட்டி. பவர் ஆம்ப் ஏற்கெனவே இருப்பதால், செலஸ்டியன் எஃப்12-எக்ஸ்200 போன்ற முழு அலைவரிசை ஸ்பீக்கர் ஒன்றைப் போட்ட 1×12 பேசிவ் கேபினெட், அதாவது உள்ளே ஆம்ப் இல்லாத பெட்டி, பொருத்தம். 200 வாட், 60 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை பாடும். ஹெட்ரஷ் எஃப்ஆர்எஃப்ஆர்-108, ஃபெண்டர் டோன் மாஸ்டர் எஃப்ஆர்-12 மாதிரியான பெட்டிகளுக்குள் பவர் ஆம்ப் சேர்ந்தே வரும். அவற்றை எடுத்தால் நீங்கள் வாங்கிய பெடலுக்கு வேலையில்லை. ஸ்டாம்ப்பிலிருந்து நேரே செருக வேண்டும். பவர் ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்டை அந்தப் பெட்டிகளின் இன்புட்டில் செருகிவிடாதீர்கள். இரண்டில் ஒன்று போய்விடும்.

இதில் ஒரு இழப்பும் உண்டு. எஃப்ஆர்எஃப்ஆரில் கேட்பது மைக் வழியாக வந்த கிட்டார். ரெக்கார்டிங் கேட்பது போல இருக்கும். அறையில் நிஜ ஆம்ப் நின்று நெஞ்சில் தட்டுகிற அந்தச் சுகம் அவ்வளவு கிடைக்காது. வீட்டோடு வாசிப்பவராக இருந்தால் பின்பக்கம் மூடிய 1×12 கிட்டார் கேபினெட்டையே சொல்லியிருப்பேன். நான் வீட்டில் வைத்திருப்பதும் அதுதான். இரண்டும் வேண்டுமென்றால் வழி இருக்கிறது: கேப் பிளாக்குக்கு முன்னால், ஒலியை நடுவிலேயே வெளியே எடுக்கும் செண்ட் பிளாக் ஒன்றை வைத்து அங்கிருந்து பவர் ஆம்ப்புக்கு ஒரு வயர், மெயின் அவுட்டிலிருந்து மிக்சருக்கு இன்னொன்று. ஆனால் வீட்டில் ஒரு ஒலிக்குப் பழகி, சர்ச்சில் வேறொன்றைக் கொடுப்பீர்கள்.

ஓம் கணக்குக்குப் பயப்பட வேண்டாம். டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பில் போட்டிருக்கும் ஓமுக்குக் கீழே போகக் கூடாது, மேலே போகலாம். (வால்வு ஆம்ப்புக்கு இது பொருந்தாது, அங்கே சரியாக ஒத்துப்போக வேண்டும்.) 8 ஓம் பெட்டியில் உங்களுக்கு 50 வாட்டை ஒட்டிக் கிடைக்கும். பாதி போச்சே என்று தோன்றும். காதுக்கு அது 3 டெசிபல்தான். கடைக்காரர் சொன்ன விண்டேஜ் 30, ஒரே ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் கொடுக்கும். உங்கள் அறையில் அந்த ஒரு வாட்டுக்கே பக்கத்து வீட்டுக்காரர் காலிங் பெல் அடிப்பார்.

பெட்டியை அறை மூலையில் தள்ளாதீர்கள், பேஸ் குமுறும். முக்காலி மேல் வைத்து, காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். காலடியில் வைத்தால் உச்ச ஒலியெல்லாம் முழங்காலுக்குத்தான் போகும். நீங்கள் டிரெபிளை ஏற்றிக்கொண்டே போவீர்கள். இன்னொன்று: சத்தம் குறைவாக இருக்கும்போது காது பேஸைச் சரியாகப் பிடிக்காது. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைந்துவிட்டார்கள். வீட்டில் மெதுவாக வைத்து அமைத்த பேட்ச் சர்ச்சில் ஓங்கி அடிக்கும்போது திம்திம் என்று முட்டும். 80–100 ஹெர்ட்ஸில் லோ கட் (அதற்குக் கீழுள்ள பேஸைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டு, கடைசித் திருத்தத்தை சர்ச்சில் ஒத்திகை நேரத்தில் செய்யுங்கள்.

கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கிட்டார் கேபிளுக்கும் ஸ்பீக்கர் கேபிளுக்கும் முனையில் இருப்பது ஒரே ஜாக்தான். மூடியைத் திருகிப் பார்த்தால் தெரியும்: முன்னதில் மெல்லிய கம்பி ஒன்று, அதைச் சுற்றிப் பின்னிய வலை, பின்னதில் தடிமனான இரண்டு வயர். பவர் ஆம்ப்புக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டாவதுதான் போக வேண்டும்.

கடைக்குப் போகும்போது ஸ்டாம்ப்பையும் சர்ச்சில் வாசிக்கும் இரண்டு பேட்சையும் கொண்டு போங்கள். கடைக்காரர் வால்யூமை ஏற்றத்தான் பார்ப்பார். நீங்கள் பேசுகிற சத்தத்துக்கு இறக்கி, கேப் பிளாக்கைப் போட்டபடி பத்து நிமிடம் கிளீன் டோனில் வாசித்துப் பாருங்கள்.