பழைய ரோலிஃப்ளெக்ஸில் ஷீட் ஃபிலிம் பயன்படுத்த முடியுமா?

ரோல் ஃபிலிமுக்கென்று செய்யப்பட்ட பழைய இரட்டை லென்ஸ் கேமராவில் ஷீட் ஃபிலிம் (தனித்தனித் தாள்களாக வரும் ஃபிலிம்) போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அத்தகைய கேமராவான ரோலிஃப்ளெக்ஸில் முடியும், பின்கதவைக் கழற்றிவிட்டு, அதைச் செய்த நிறுவனமே படமெடுக்கும் கண்ணாடித் தகடுகளுக்காகத் தயாரித்த பிளேட் அடாப்டரில் உங்கள் மாடலுக்குப் பொருந்துவதைத் தேடிப் பொருத்தி, தகட்டை ஒளி படாமல் வைத்திருக்கும் 6.5×9 செ.மீ. ஹோல்டரைச் செருகலாம்.

அந்த ஹோல்டரோ ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடித்த கண்ணாடிக்காக அமைந்தது. ஷீட் ஃபிலிமின் தடிமன் சுமார் 0.2 மி.மீ. மட்டுமே என்பதால், அதை மெல்லிய உலோக உறையில் நுழைத்த பிறகே ஹோல்டரில் வைக்க வேண்டும், இல்லையேல் அது தளர்ந்து வளைந்து ஃபோகஸ் கெட்டுவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது இந்த உறையே என்பேன். முழு இருட்டில் ஃபிலிமை நெட்டுவாக்கில் பிடிக்கும்போது, ஓரத்து வெட்டுக்குறி வலது மேல் மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால், ஒளியை உணரும் மருந்துப் பக்கம் உங்களை நோக்கியிருக்கிறது. படம் வழக்கமான சதுரமாகவே விழும். தாளின் மீதிப் பகுதியில் ஒளி படாது.