பழைய கிணற்றில் தூர் எடுக்க ஆளை இறக்கலாமா?

உசிலம்பட்டி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார். தோட்டத்தில் 60 அடிக் கிணறு. போர் போட்ட பிறகு பல வருடமாக இறைக்காமல் கிடக்கிறது. அடியில் பத்தடிக்குக் கறுத்த தண்ணீர், அதற்குக் கீழே சேறு. இந்தக் கோடையிலேயே தூர் எடுத்துவிட நினைக்கிறார். டீசல் இன்ஜினைக் கிணற்றுத் திட்டில் இறக்கி வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, பிறகு ஆள் இறங்குவதாக வேலைக்காரர்கள் சொல்கிறார்கள். "அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார், அணையாவிட்டால் இறங்கலாம்" என்பது அவருடைய பெரியப்பாவின் யோசனை. விளக்கு மட்டும் போதுமா என்று கேட்கிறார்.

போதாது. டீசல் இன்ஜின் கிணற்றுக்குள் போகவே கூடாது.

பெரியப்பா சொல்வதில் பாதி உண்மை உண்டு. விளக்கு அணைந்தால் அங்கே யாரும் இறங்கக் கூடாது, சந்தேகமே இல்லை. ஆனால் எரிந்தால் இறங்கலாம் என்பதுதான் ஆளைக் கொல்கிற நம்பிக்கை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். அது 19.5-க்குக் கீழே போனாலே ஆளை உள்ளே அனுப்பக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. விளக்கோ 16, 17 சதவீதம் வரை எரிந்துகொண்டிருக்கும். அதைவிட மோசம், கறுத்த சேற்றில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டு விழுவார். அந்த அளவுக்கு விளக்குச் சுடர் அசையக்கூட அசையாது. மீத்தேன் சேர்ந்திருந்தால் விளக்கே ஆபத்து: காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் தீப்பற்றி வெடிக்கும்.

மூக்கையும் நம்ப முடியாது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மோப்ப நரம்பு மரத்துவிடும். "நாற்றம் போயிடுச்சு, இப்ப சரியாயிடுச்சு" என்று உள்ளே இருப்பவர் சொல்கிற நேரம்தான் உண்மையில் பயப்பட வேண்டிய நேரம்.

இந்த வாயுக்கள் வெளியிலிருந்து வருவதில்லை. விழுந்த இலையும் தழையும் செத்த பிராணியும் அடியில் மட்கும்போது, நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவையும் மீத்தேனையும் விடுகின்றன. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். பாத்திரத்தில் ஊற்றிய எண்ணெய் போல அடியிலேயே தங்கும். கோடைப் பகலில் மேலே காற்று சூடாகி லேசாக இருக்கும், கிணற்றுக்குள் குளிர்ந்து கனத்திருக்கும், இரண்டும் கலக்காது. நம் பக்கம் தூர் எடுப்பதும் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தானே? தண்ணீர் குறைந்திருக்கும் என்பதால் அந்தக் காலம் வசதி. காற்றைப் பொறுத்தவரை அதுவே மோசமான காலம். இன்னொன்று, சேற்றைக் கிளறும்போதுதான் அடைபட்ட வாயு குமிழியாக வெளியே வரும். காலையில் பரிசோதித்து நன்றாக இருந்த கிணறு, பத்து மணிக்கு மண்வெட்டி போட்டதும் மாறிவிடலாம்.

டீசல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெட்ரோல் பம்பில் அது இன்னும் அதிகம். மேலே நின்று கயிற்றில் இறக்கக்கூடிய நீர்மூழ்கி மோட்டாரை வைத்து இறையுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் அந்த இணைப்பில் இருக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது தண்ணீரில் யாரும் நிற்கக் கூடாது.

அடுத்தது சேறு. ஆளே இறங்காமல் எவ்வளவு எடுக்க முடியும் என்று முதலில் பாருங்கள். கவ்வி அள்ளும் பக்கெட் உள்ள கிரேன் கிடைத்தால் பெரும்பகுதி வேலை மேலிருந்தே முடிந்துவிடும். அள்ளிய சேற்றைக் கிணற்று வாயில் குவிக்காதீர்கள், அந்தப் பாரத்தில் விளிம்பு சரியும். மிச்சத்துக்கு ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, எரியும் வாயு நான்கையும் காட்டும் மீட்டர் வேண்டும். அதைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி வாசிக்க வேண்டும். காற்று ஊதும் புளோயரின் குழாயை அடி வரைக்கும் விட்டு, அரை மணி நேரமாவது ஓட விட்டு, மறுபடி அளக்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும் வரை புளோயரும் ஓட வேண்டும், மீட்டரும் அவர் இடுப்பில் இருக்க வேண்டும். வேப்பங்கிளையைக் கட்டி ஏற்றி இறக்குவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் காற்றைக் கொஞ்சம் அசைக்கும், அவ்வளவுதான். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விடுகிற வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். ஒரு பொறி பட்டால் துணியே திகுதிகுவென எரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பெல்ட். இறங்குகிறவர் முழு உடல் பெல்ட் போட்டிருக்க வேண்டும். அதன் கயிறு மேலே கப்பியிலோ கிரேனிலோ கட்டியிருக்க வேண்டும், அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொள்பவர் டீ குடிக்கக்கூட நகரக் கூடாது. மூச்சு நின்றால் நான்கைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கும். உசிலம்பட்டியிலிருந்தே தீயணைப்பு வண்டி வந்தாலும் அதற்குள் உங்கள் தோட்டத்துக்கு வந்து சேருவது கஷ்டம். கயிறு இருந்தால் இழுத்துவிடலாம். இல்லாவிட்டால் அண்ணன் விழுந்தான் என்று தம்பி குதிப்பான், அவனைத் தேடி அப்பா இறங்குவார். மூன்று பிணம் எடுக்கிற செய்திகள் இப்படித்தான் உருவாகின்றன. இப்படி அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள்தான் என்று அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் (NIOSH) 1986-லேயே எழுதியது. முகத்தில் ஈரத்துண்டு கட்டினால் ஆக்சிஜன் வராது. விழுந்தவரை எடுக்க யாரும் இறங்க விடாமல் 101 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். அவர்களிடம் சுவாசக் கருவி உண்டு.

கூலி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மொத்தமாக இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசினால் புளோயர் ஓடும் அரை மணி நேரம் அவர்களுக்கு நஷ்டம். அந்த அவசரத்தில்தான் பெல்ட்டைக் கழற்றி வைப்பார்கள். நாள் கூலி பேசுங்கள். மீட்டர், புளோயர் வாடகையை உங்கள் கணக்கில் வையுங்கள். அவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கிணறு வெட்டுகிறவர்கள் மட்டுமல்ல, கிணற்றில் இறங்கித் தூர் எடுப்பவர்களும் அதன் பட்டியலில் தனியாகவே இருக்கிறார்கள். பலருக்கு இது தெரியாது. 18 வயது முதல் 60 வயது வரை சேரலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். பதியாமல் இருந்தால், வேலை தொடங்கும் முன்பே உங்கள் ஊர் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போய்ப் பதிய வையுங்கள்.