குளுக்கோஸ் டெஸ்டுக்கு முன்னால் சோற்றைக் குறைக்கலாமா?

வெறும் வயிற்றில் சர்க்கரை 112 வந்திருக்கிறது, டாக்டர் குளுக்கோஸ் குடிக்கிற டெஸ்ட் எழுதியிருக்கிறார், அதற்குள் சோற்றைக் குறைக்கலாமா என்று கேட்கிறீர்கள். குறைக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ "நாலு நாள் சாதத்தை விடு, நார்மல் வந்துடும்" என்று சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொன்னது என் மச்சினன்.

அவன் பேச்சைக் கேட்டு நாலு நாள் முட்டையும் வெள்ளரிக்காயுமாக ஓட்டிவிட்டு மும்பை செம்பூரில் ஒரு லேபுக்குப் போனேன். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கி அஞ்சு நிமிஷத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். ஜாமூனை எடுத்துவிட்டு ஜீராவை மட்டும் குடிப்பது மாதிரி இருக்கும். அடியில் கரையாமல் நின்றதை விட்டுவிடப் பார்த்தேன், லேப் பையன் "பூரா பீனா ஹை அங்கிள்" என்று ஸ்பூனால் கலக்கி நீட்டினான். (அங்கிளாம். எனக்கு 41.)

ரெண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 204. 140க்குக் கீழே என்றால் நார்மல், 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய்க் கணக்கு, நடுவில் இருந்தால் எல்லைக்கோடு. வெறும் வயிற்றில் சுமாராக இருந்து சாப்பிட்ட பிறகு எகிறுகிறவர்களைப் பிடிக்கத்தான் இந்த டெஸ்டே.

டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும் குட்டு வெளிப்பட்டது. மாவுச்சத்தை நிறுத்தினால் உடம்புக்கு அதைச் சமாளிக்கும் பழக்கம் விட்டுப்போகுமாம், திடீரென்று 75 கிராம் வந்து இறங்கினால் இன்சுலின் சுதாரிப்பதற்குள் அளவு ஏறிவிடும். மூன்று நாளாவது வழக்கம்போல, தினம் 150 கிராம் மாவுச்சத்துக்குக் குறையாமல் சாப்பிட்டு, ராத்திரி 8 மணி நேரமாவது தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வா என்றார். இட்லி, சாதம் எல்லாம் தின்றுவிட்டுப் போனேன், 168.

எல்லோருக்கும் இப்படி இறங்கும் என்று நான் சொல்லவில்லை, நான் கணக்கு எழுதுகிறவன், டாக்டர்கள் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். 168ம் சந்தோஷப்படுகிற நம்பர் இல்லை. மச்சினன் மட்டும் இதுவரை ஒரு டெஸ்டும் எடுத்ததில்லை, மும்பை வந்தால் என் ஒன் ரூம் கிச்சனில் பத்து நாள் படுத்துக்கொண்டு எனக்கு டயட் சொல்வான், ஒரு நாளாவது பால் பாக்கெட் வாங்கி வந்திருப்பானா?

சரி, அந்த ரெண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருங்கள், நடந்தால் அளவு குறைத்துக் காட்டலாம், சிகரெட்டும் கூடாது. போனை முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு போங்கள். நான் போன இடத்தில் இருந்த ஒரே பிளக்கில் மீன்தொட்டி ஓடிக்கொண்டிருந்தது.