கேள்வி–பதில்: மொரிஸ் மைனர் எஞ்சினில் டப்பெட் இடைவெளியும் அதற்கான செலவும்

கேள்வி: எங்கள் வீட்டில் 1098 சிசி எஞ்சின் கொண்ட மொரிஸ் மைனர் 1000 கார் ஒன்று உள்ளது. எஞ்சினை வீட்டிலேயே கழற்றி, பிளொக்கையும் சிலிண்டர் ஹெட்டையும் லேத் பட்டறையில் கொடுத்து வேலை செய்து எடுத்திருக்கிறேன். ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி, வால்வுகளையும் அவை அமரும் சீட்டுகளையும் அரைத்துக் கொடுத்தார்கள். இப்போது பூட்டும் வேலை நடக்கிறது. உதிரிப்பாகக் கடைக்காரர், வால்வுகளை அழுத்தித் திறக்கும் ரொக்கர் தொகுதி முழுவதையும் புதிதாக வாங்கச் சொல்கிறார். தெரிந்த மெக்கானிக் ஒருவரோ, எஞ்சின் சூடானதும் காதால் கேட்டே டப்பெட் (ரொக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையிலான இடைவெளி) வைத்துவிடலாம் என்றும், கொஞ்சம் இறுக்கி வைத்தால் சத்தமே வராது என்றும் சொல்கிறார். நான் எதை வாங்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? – வாசகர், சாவகச்சேரி

பதில்: முதலில் மெக்கானிக் சொன்னதைப் பார்ப்போம், ஏனென்றால் அதைக் கேட்டு நடந்தால் நீங்கள் வாங்கும் எந்தப் பொருளும் பயன்படாமல் போய்விடும். சத்தம் வராமல் இருப்பதற்காக டப்பெட்டை இறுக்கி வைக்காதீர்கள். எரிந்த வாயுவின் வெப்பத்தைத் தாங்கும் எக்ஸோஸ்ட் வால்வு, அந்த வெப்பத்தின் பெரும்பங்கைச் சீட்டில் அமர்ந்திருக்கும் சிறு நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. வால்வின் தண்டு சூட்டில் நீளும்போது அதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவே குளிர்ந்த எஞ்சினில் ஓர் இடைவெளி விடப்படுகிறது. அந்த இடம் போதாவிட்டால் வால்வு சீட்டில் முழுமையாக அமராது. அமராத வால்வின் ஓரத்தால் நெருப்பு கசிந்து, விளிம்பு கருகி, சில காலத்தில் அந்தச் சிலிண்டர் அமுக்கத்தை இழந்துவிடும். இடைவெளி சற்று அதிகமாக இருந்தால் சத்தம் கேட்கும், வால்வு கொஞ்சம் பிந்தித் திறக்கும், தட்டுப்பட்டுத் தேய்மானமும் கூடும். ஆயினும் அதைக் காது உடனே எச்சரித்துவிடும். இறுக்கமாக வைக்கப்பட்ட வால்வு எரிந்து முடியும்வரை அமைதியாகவே இருக்கும் என்பதால், இந்த விடயத்தில் அமைதியை நான் நம்பச் சொல்ல மாட்டேன்.

உங்கள் எஞ்சினுக்குரிய அளவு, இன்லெட்டுக்கும் எக்ஸோஸ்டுக்கும் ஒன்றாக, குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.30 மில்லிமீற்றர். எனவே நீங்கள் கட்டாயம் வாங்க வேண்டிய முதற்பொருள், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு நல்ல ஃபீலர் கேஜ். அங்குலமும் மில்லிமீற்றரும் இரண்டும் பொறிக்கப்பட்டதாகவும், தகடுகள் வளையாமலும் துருப்பிடிக்காமலும் இருப்பதாகவும் பார்த்து வாங்குங்கள். மலிவான தொகுதிகளில் பொறித்த அளவும் தகட்டின் உண்மைத் தடிப்பும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். லேத் பட்டறையில் மைக்ரோமீற்றர் இருக்கும், 0.012 தகட்டை ஒருமுறை அதில் வைத்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். நட்டுகளைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டோர்க் ரென்ச்சை இரவல் வாங்கினாலும் போதும், ஆனால் அது இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

இனி ரொக்கர் தொகுதி. கடைக்காரர் சொல்வது முழுவதும் தவறல்ல. ஆனால் கழற்றிப் பார்க்காமல் முழுத் தொகுதியையும் வாங்குவது அவசியமற்றது. ரொக்கரின் நுனி வால்வுத் தண்டில் தட்டுகிற இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெடுங்காலம் ஓடிய எஞ்சினில் அங்கே தண்டின் அகலத்துக்கு ஒரு குழி விழுந்திருக்கும். ஃபீலர் கேஜின் தகடு தண்டைவிட அகலமானது என்பதால், அது குழிக்குள் இறங்காமல் தேயாத ஓரங்களில் தங்கி நிற்கும். குழியின் ஆழம் 0.10 மில்லிமீற்றர் என்றால், நீங்கள் 0.30 என்று அளந்து வைப்பது உண்மையில் 0.40 ஆக இருக்கும். எத்தனை தடவை வைத்தாலும் சத்தம் போகாது. “டப்பெட் வைத்தும் சத்தம் நிற்கவில்லை” என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுவாக இருப்பதுண்டு, அதற்கு மருந்தாக இறுக்கி வைக்கும் பழக்கமும் இங்கிருந்தே தொடங்குகிறது. குழி மிக மெல்லியதாக இருந்தால் லேத் பட்டறையில் நுனியின் வளைவு மாறாமல் அரைத்துத் தரச் சொல்லலாம். ஆழமாக இருந்தால் அந்த ரொக்கரை மாற்றுங்கள், ஏனென்றால் கடினப்படுத்தப்பட்ட மேற்படலம் மெல்லியது. அதை அரைத்துக் கடந்துவிட்டால் உள்ளே இருக்கும் மென்மையான உலோகம் விரைவில் மறுபடியும் குழிவிழும்.

இந்த எஞ்சின்களில் இருவகை ரொக்கர்கள் பாவனையில் இருக்கின்றன. தகட்டை அழுத்தி உருவாக்கியது ஒன்று, அடித்து உருவாக்கிய கனமானது மற்றொன்று. கனமான வகைக்குத் தேய்ந்த புஷ்ஷை (ஷாஃப்ட் நுழையும் உள்வளையத்தை) மாற்றிக்கொள்ளலாம்; தகட்டு வகைக்கு அது முடியாது, ரொக்கரையே மாற்ற வேண்டும். கடைக்குப் போகும் முன் உங்களுடையது எது என்று பார்த்துக்கொண்டால், தேவையற்ற புஷ் தொகுதிக்குக் காசு கொடுக்காமல் தப்பலாம். ரொக்கர்களைத் தாங்கும் தண்டான ரொக்கர் ஷாஃப்டின் அடிப்பக்கத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படி போலத் தடுக்கினால் ஷாஃப்டைப் புதிதாக வாங்குவது நியாயமான செலவு. தேய்ந்த ஷாஃப்டில் ரொக்கர் மேலும் கீழும் ஆடும், அந்த ஆட்டமும் உங்கள் அளவைக் கெடுக்கும். கேமின் அசைவை ரொக்கருக்குக் கொண்டு செல்லும் புஷ் ரொட்டுகளைச் சமமான கண்ணாடியின் மேல் உருட்டிப் பார்த்து, வளைந்ததை மட்டும் மாற்றுங்கள். கேம்ஷாஃப்டைப் புதிதாகப் போட்டிருந்தால் பழைய டப்பெட்டுகளை (இங்கே இடைவெளியை அல்ல, கேமின் மேல் அமர்ந்து புஷ் ரொட்டைத் தள்ளும் பாகங்களைச் சொல்கிறேன்) மீண்டும் போடாதீர்கள். அங்கே மிச்சம் பிடிக்கும் பணம் புதிய கேமைத் தேய்த்துவிடும். பழைய கேமையே போடுவதானால் ஒவ்வொரு டப்பெட்டும் தான் இருந்த துளைக்கே திரும்ப வேண்டும்.

ஹெட்டைச் சீவியதும் சீட்டை அரைத்ததும் இடைவெளியைக் குறைக்கும் பக்கத்திலேயே வேலை செய்யும் என்பதைக் கவனியுங்கள். ஹெட் தாழும்போது ரொக்கர் கேமை நெருங்குகிறது, சீட்டை அரைக்கும்போது வால்வுத் தண்டு ரொக்கரை நோக்கி உயர்கிறது. ஆகவே முன்பு இருந்த நிலையில், இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் ஸ்குரூக்களை விட்டுப் பூட்டினால் சில வால்வுகள் திறந்தே நிற்கலாம். எட்டு ஸ்குரூக்களையும் முதலில் நன்றாகத் தளர்த்திய பிறகே ரொக்கர் தொகுதியை வைக்க வேண்டும். ஹெட் அதிகமாகச் சீவப்பட்டிருந்தால் ரொக்கர் தாங்கிகளின் கீழ் ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைப்பார்கள். ஷாஃப்டுக்கு ஒயில் முன்பக்கத் தாங்கியின் வழியாகத்தான் ஏறுகிறது என்பதால், அங்கே வைக்கும் ஷிம்மில் ஒயில் துளை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஹெட்டின் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக 40 இறாத்தல்-அடிக்கும், தாங்கிகளின் சிறிய நட்டுகளை 25 இறாத்தல்-அடிக்கும் இறுக்கிய பிறகுதான் டப்பெட் வைக்க வேண்டும். தாங்கிகளைப் பிடிக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்தே பிடிப்பவை. இறுக்கத்தை மாற்றினால் இடைவெளியும் மாறும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்டிங் ஹேண்டிலால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். ரேடியேற்றர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டால், முழுமையாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9இலிருந்து கழித்து வருவதே நீங்கள் அளக்க வேண்டிய வால்வு. எட்டாவது முழுதாய்த் திறந்திருக்கும்போது முதலாவதை வைக்கலாம், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை, நான்காவது திறந்திருக்கும்போது ஐந்தாவதை, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை; மற்ற நான்கும் இதே சோடிகளின் மறுபக்கம். லொக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் சற்றுத் திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பின் தகட்டை மீண்டும் ஒருமுறை விட்டுப் பாருங்கள். தகடு மெல்லிய இழுவையோடு போய்வர வேண்டும். தள்ளினால்தான் நுழையும் என்றால் அது இறுக்கம். எட்டு அளவுகளையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த வாசகரின் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு உதவப் போவதும் அப்படிப்பட்ட ஒரு குறிப்புத்தான்.

கேள்வி: எனது மைனரின் எஞ்சினைச் சென்ற ஆண்டு வீட்டில் பூட்டினேன். ஹெட்டை மறு இறுக்கம் செய்து டப்பெட்டும் வைத்தாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் 1, 4, 5, 8 ஆகிய வால்வுகளில் மட்டும் இடைவெளி குறைந்திருக்கிறது. கடினப்படுத்திய சீட் (ஹெட்டில் பதிக்கும் கடின உலோக வளையம்) போட வேண்டும் என்கிறார்கள். இது தேவையா, அல்லது பணம் பறிக்கும் வழியா? – வாசகர், கோப்பாய்

பதில்: நீங்கள் குறிப்பிட்ட நான்கும் எக்ஸோஸ்ட் வால்வுகள். அளந்து எழுதி வைத்ததால்தான் இது தெரிய வந்தது, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். எட்டு வால்வுகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தால், புதிய ஹெட் கேஸ்கட் அமர்ந்து அடங்கியது என்று கொள்ளலாம். அது மறு இறுக்கத்துடன் நின்றுவிடும். ஒரேயொரு வால்வில் இடைவெளி கூடிக்கொண்டே போனால் லொக் நட், புஷ் ரொட், கேமின் அந்த முகடு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். எக்ஸோஸ்டில் மட்டும் தொடர்ந்து குறைவது, வார்ப்பிரும்பு சீட் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் அமிழ்கிறது என்பதற்கான தெளிவான அறிகுறி. பெற்றோலில் கலக்கப்பட்ட ஈயம் இந்தச் சீட்டுகளுக்கு ஒரு பாதுகாப்புப் படலமாக இருந்தது. இலங்கையில் 2002ஆம் ஆண்டில் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்ட பிறகு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே உங்கள் விடயத்தில் அந்த அறிவுரை சரியானதே. ஆயினும் கோயிலுக்கும் கடைக்கும் மெதுவாக ஓடும் காருக்கும், கண்டி வீதியில் நெடுந்தூரம் வேகமாக ஓடும் காருக்கும் தேய்மானம் ஒன்றல்ல. ஆண்டு முழுவதும் சிறிதளவே குறைகிறது என்றால், அடிக்கடி அளந்து 0.012க்குக் கொண்டுவந்தபடி இன்னும் சில காலம் ஓடலாம். அடுத்த தடவை ஹெட்டைக் கழற்ற நேரும்போது செய்துகொள்ளுங்கள். சில வாரங்களிலேயே தகடு நுழையாத அளவுக்குக் குறைகிறது என்றால் தாமதிக்க வேண்டாம்.

வேலையை எங்கே கொடுப்பது என்பதில்தான் உங்கள் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். சீட்டுக்காகக் குடையும் குழி மிகத் துல்லியமாக, வளையம் இறுகி அமரும்படி இருக்க வேண்டும். தளர்ந்த வளையம் கழன்று விழுந்தால் பிஸ்டனும் சேர்ந்தே போகும். இந்த ஹெட்டில் முன்பு இதைச் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், முடிந்தால் செய்த ஹெட் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். இன்லெட்டுக்கும் சேர்த்து எட்டும் போட வேண்டும் என்று சொன்னால், அங்கே தேய்மானம் காட்டும் அளவு உண்டா என்று கேளுங்கள். உங்கள் கொப்பி இல்லை என்கிறது. எக்ஸோஸ்டுக்குரிய நான்கு போதும்.

கேள்வி: கராஜ் ஒன்றில் “டப்பெட் சரிசெய்தல்” என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கட்டணம் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து அளந்தபோது மூன்று வால்வுகளில் 0.012 தகடு நுழையவே இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – வாசகர், வவுனியா

பதில்: கேட்கலாம், ஆனால் முதலில் எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்திருந்தபோது அளந்தீர்களா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இரவு முழுவதும் ஓடாமல் நின்ற எஞ்சினைக் காலையில் அளப்பதே சரி. அப்போதும் நுழையாவிட்டால், காரை மேலும் ஓட்டாமல், ஒவ்வொரு வால்வின் அளவையும் எழுதிக்கொண்டு போய் அவர்களையே உங்கள் முன்னிலையில் அளந்து திருத்தித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான கராஜ்காரர்கள் இதற்கு மறுக்க மாட்டார்கள்.

மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், சேவையும் பொருளைப் போலவே முறைப்பாட்டுக்கு உரியது. அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விபரம் கேட்கலாம். ஆயினும் முறைப்பாட்டை, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதியையும், அளவுகள் எழுதிய தாளையும் இணையுங்கள். வேறொரு மெக்கானிக் அளந்து கையொப்பமிட்ட குறிப்பு கிடைத்தால் உங்கள் பக்கம் வலுவாகும். அடுத்த முறை எந்தக் கராஜில் கொடுத்தாலும், வைத்த அளவையும் எஞ்சின் குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரும்படி வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.