பெயர் ஒன்று, ஆள் வேறு

அன்புள்ள அக்கா,

நான் பெரம்பூரில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் நூற்றுப் பத்து வீடுகள். தொகுதியில் நிற்கும் எல்லா வேட்பாளர்களைப் பற்றியும் ஆளுக்கு நான்கு வரி எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெரிய கட்சிக்காரர்களைப் பற்றி எழுதியாயிற்று. மீதி பதினேழு பேர் சுயேச்சைகள், அல்லது பெயரே கேள்விப்படாத கட்சிகள். கூகுளில் ஒன்றும் வரவில்லை. பிரமாணப் பத்திரம் மட்டும்தான் இருக்கிறது. "தகவல் இல்லை, சீரியஸான வேட்பாளர் அல்ல" என்று போட்டுவிடலாமா? அதில் ஒருவர் பெயரில் கோர்ட் இணையதளத்தில் ஒரு அடிதடி வழக்கு வருகிறது. ஆனால் பிரமாணப் பத்திரத்தில் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார். மறைத்திருக்கிறார் என்று எழுதலாமா? இத்தனைக்கும் அவர் எங்களுக்கு மூன்று தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். குழுவில் சிலர் சாதியும் போடச் சொல்கிறார்கள். எல்லோரும் நோட்டாவுக்குப் போட்டால் என்ன என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. எந்த இணையதளத்தை நம்பலாம் என்று சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

சாதி போடாதீர்கள். கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். நோட்டா அவரவர் விருப்பம், அதற்கும் நீங்கள் எழுதும் நான்கு வரிக்கும் சம்பந்தம் இல்லை.

"மறைத்திருக்கிறார் என்று எழுதலாமா" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை. இரண்டு வாரமாக என் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது. பரணை ஒழித்தபோது தகரப் பெட்டியில் இருந்து வந்தது. என் பெரியப்பாவுடையது. அதைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் உங்கள் கடிதம் வந்தது.

1996 அக்டோபரில் சென்னை மாநகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. 1973இல் மஸ்டர் ரோல் (தினக்கூலிகளின் வருகைப் பதிவேடு) ஊழலைக் காரணம் காட்டி மன்றத்தைக் கலைத்த பிறகு, இருபத்து மூன்று வருடம் இந்த ஊரில் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. எனக்கு அப்போது கல்லூரி இரண்டாம் வருடம். கவுன்சிலர் என்றால் யார், என்ன செய்வார் என்றே எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முதல் தேர்தல் என்பதால் பத்திரிகையெல்லாம் மேயர் பேச்சு. 155 வார்டில் யார் யார் சுயேச்சையாக நிற்கிறார்கள் என்று யாருக்கு அக்கறை?

பெரியப்பா நின்றார். வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருந்தார். கட்சி கிடையாது, மேடையில் பேசத் தெரியாது. அவரிடம் இருந்தது இந்த நோட்டு. பக்கத்துக்கு மூன்று கோடு ஸ்கேலால் போட்டிருக்கிறார். தேதி, தண்ணி லாரி வந்த நேரம், வீட்டுக்கு எத்தனை குடம். நீல மசி ஓரத்தில் ஊறிப் பரவியிருக்கிறது. "14 வரவில்லை. 15 ராத்திரி 11.40, ஆறு குடம். 16 வந்தது, பாதித் தெருவோடு தீர்ந்தது. 17 காலை 5.10, நாலு குடம், கர்ப்பிணிக்கு ஒன்று கூட." இப்படிப் பதினோரு மாதம். மேசை விளக்குச் சின்னத்தில் ரோஸ் நிறக் காகிதத்தில் நோட்டீஸ் அடித்து, அதில் இந்த நோட்டின் ஒரு மாதக் கணக்கை அப்படியே போட்டார். நான் வீடு வீடாகக் கொடுத்தேன். நோட்டீஸைப் பார்த்த பெண்கள் வாசலிலேயே நின்று தேதியைச் சரிபார்த்தார்கள், "ஆமா, அன்னிக்கு வரலை" என்று.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் ஒரு மாலைப் பத்திரிகையில் வார்டு நிலவரம் என்று கால் பக்கம் வந்தது. அதில் பெரியப்பா பெயரைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் "அடிதடி வழக்கு உள்ளவர்" என்று மூன்றே சொல். வழக்கு உண்மைதான். அது பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொருவர் மேல் போட்டது. அதே பெயர், அதே இன்ஷியல். பெரியப்பா ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேசையில் இருந்தவர் கார்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "ஒரே பேரு, ஒரே இன்ஷியல், ஒரே பேட்டை, நாங்க என்னங்க பண்றது" என்றார். திருத்தம் வரவே இல்லை. 87 ஓட்டு, டெபாசிட் போயிற்று. தோற்றதைப் பற்றிப் பெரியப்பா கவலைப்பட்டுப் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பத்திரிகைத் துண்டு மடித்த மடிப்பில் கிழிந்து, இந்த நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. இருபது வருடம் கழித்து இறந்தார், அதுவரை அதைத் தூக்கிப் போடவில்லை.

இப்போது சொல்லுங்கள். கோர்ட் தளத்தில் அந்த வழக்கை எப்படித் தேடினீர்கள்? பெயரை அடித்துத்தானே?

கோபித்துக்கொள்ளாதீர்கள், தம்பி. இந்த ஒரு விஷயத்தில் நான் விடமாட்டேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். ஒரே பேட்டையில் எஸ். முருகன் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? தமிழில் "க." என்று இன்ஷியல் போட்டால் அது கந்தனாகவும் இருக்கலாம், கணேசனாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவருக்கு 'கே', இன்னொருவருக்கு 'ஜி'. சண்முகம் என்ற பெயரை ஒருவர் 'எஸ்' போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் 'எஸ்ஹெச்' போடுவார். ழகரம் வரும் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம், போலீஸ் ஸ்டேஷனில் ஒரு விதம், ரேஷன் கார்டில் ஒரு விதம், வேட்புமனுவில் ஒரு விதம். பெண் வேட்பாளர் என்றால் கல்யாணத்துக்கு முந்தின பத்திரத்தில் அப்பா இன்ஷியல், பிந்தினதில் புருஷன் இன்ஷியல். ஆங்கிலத்தில் பெயரைத் தட்டித் தேடினால், சேர வேண்டிய ஆள் விட்டுப்போவார், சேரக்கூடாத ஆள் வந்து சேருவார். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் 1951-52 தேர்தல் முதல் கிடைக்கின்றன, நின்ற ஒவ்வொருவர் பெயரும் வாக்கும் உண்டு. அப்பா பெயர் கிடையாது. அதை வைத்து "இவர் ஏற்கெனவே மூன்று முறை தோற்றவர்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

அந்த ஆபத்தைத் தெரிந்தே பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அதே தொகுதியில் அதே பெயரில், அதே "ஓ" இன்ஷியலோடு இன்னும் சிலர். இந்தக் குழப்பத்துக்காகவே 2015 மே மாதத்திலிருந்து வாக்கு இயந்திரத்தில் வேட்பாளர் படத்தையும் ஒட்டுகிறார்கள். அரசாங்கமே பெயரை மட்டும் நம்பாதபோது நீங்கள் எப்படி நம்பினீர்கள்?

உங்கள் கையிலேயே நல்ல ஆவணம் இருக்கிறது, அதைப் பாதிதான் படித்திருக்கிறீர்கள். படிவம் 26 என்ற அந்தப் பிரமாணப் பத்திரம் 1996இல் கிடையாது. வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு எல்லாம் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் சொன்னது. அதைக் குறுக்க ஒரு சட்டப்பிரிவு கொண்டுவந்தார்கள், 2003 மார்ச்சில் அதுவும் செல்லாது என்று தீர்ப்பானது. பெரியப்பாவுக்கு அப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால் அந்த மேசைமேல் போட்டுக் காட்டியிருப்பார்.

அதன் முதல் பக்கத்தைத் திரும்ப எடுங்கள். அப்பா பெயர், வயது, முகவரி, அப்புறம் வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண். இந்தக் கடைசி இரண்டு எண்தான் ஆளை அடையாளம் காட்டும். அந்தப் பாகத்தைத் திறந்து அந்த வரிசையைப் பாருங்கள். அப்பா பெயரும் வயதும் கதவு எண்ணும் பொருந்துகிறதா? பிறகு வழக்குக்கு வாருங்கள். கோர்ட் தளத்தில் எஃப்.ஐ.ஆர். எண், வருடம், காவல் நிலையம் கொடுத்தும் தேடலாம். நீங்கள் கண்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் அப்பா பெயர் என்ன, வயது என்ன, எந்தத் தெரு? இவை பொருந்தாதவரை அது வேறு யாருடையதோ வழக்கு. நிலத்துக்கும் இதே கதைதான். பெயரை விட்டுவிட்டு, சொத்துப் பகுதியில் எழுதியிருக்கும் சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்புக்குப் பிறகு பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விட முடியாது, விட்டால் மனுவே தள்ளுபடி ஆகலாம். ஆக, "வழக்கு இல்லை" என்று அவர் எழுதியிருப்பது சத்தியம் செய்து சொன்ன வார்த்தை. பொய்யென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "மறைத்திருக்கிறார்" என்று நீங்கள் நூற்றுப் பத்து வீட்டுக்கு எழுதினால், அவர் ஒரு குற்றம் செய்தார் என்று எழுதுகிறீர்கள். பெயர்ப் பொருத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு.

வழக்கு இருக்கிறவர்களையும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எத்தனை என்பதோடு நிறுத்தாமல் என்ன பிரிவு என்று பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 என்று சேர்ந்து வந்தால், அநேகமாக ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தவராக இருப்பார். 2024 ஜூலை முதல் நடந்த சம்பவத்துக்குப் போட்ட வழக்கென்றால், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 189, 223, 126. தண்ணீருக்காக மறியல் செய்தவரையும் கொலை முயற்சியில் 307 போடப்பட்டவரையும் "வழக்கு உள்ளவர்" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள்.

"சீரியஸான வேட்பாளர் அல்ல" என்ற வார்த்தையை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்களோ தெரியவில்லை, அங்கேயே வைத்துவிடுங்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டங்கூட்டமாக மனுப் போட்டார்கள், வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், இன்று 10,000. அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்கு அதே தொகுதியில் பத்து வாக்காளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். பத்துப் பேரை நிற்க வைத்துக் கையெழுத்து வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் குடியிருப்பில் ஒரு மனுவுக்கு முயன்று பாருங்கள். ஓட்டைப் பிரிக்க நிறுத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று நான் சொல்லவில்லை. அப்படி எழுத ஆதாரம் வேண்டும். கூகுளில் வரவில்லை என்பது ஆதாரம் ஆகாது.

முன்பு நின்றவராக இருந்தால் ஒரு நல்ல இடம் இருக்கிறது, ரொம்பப் பேர் அங்கே போவதில்லை. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். சென்னைக்கு மாநகராட்சி ஆணையர்தான் அந்த அதிகாரி. தேர்தல் நடத்தும் விதிகளில் 88ஆம் விதிப்படி ஒரு ரூபாய் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கைப் பார்க்கலாம். அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு ரோஸ், வங்கிக்கு மஞ்சள். ஷேர் ஆட்டோ வாடகை, நோட்டீஸ் அச்சுக்கூலி, மைக் செட், டீ என்று ஒரு மனிதர் அந்த இரண்டு வாரம் எப்படி ஓடினார் என்பது அதில் தெரியும். கணக்கே கொடுக்காமல் விட்டு 10ஏ பிரிவில் மூன்று வருடம் தகுதி இழந்தவர்களின் பட்டியலையும் ஆணையம் வெளியிடுகிறது. அதிலும் பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

எந்தத் தளத்தை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். ஆணையத்தின் தளத்தில் இருக்கும் ஸ்கேன் பிரதியைப் பாருங்கள். மைநேதா போன்றவை சுருக்கிக் கொடுப்பவை, வழி தேட உதவும், எழுதுவதற்கு முன் மூலத்தைத் திறந்துவிடுங்கள். வேட்பாளரின் போன் நம்பரையும் வீட்டு எண்ணையும் குழுவில் போட வேண்டாம்.

எதுவும் கிடைக்காதவர்களுக்கு "தகவல் இல்லை" என்று எழுதாமல், எங்கெங்கே என்று தேடினீர்கள், எந்தத் தேதியில் தேடினீர்கள் என்று எழுதுங்கள். பதினேழு பேருக்கு அது பதினேழு வரிதான்.

அப்புறம், அந்த மூன்று தெரு தள்ளி இருப்பவர். இவ்வளவு பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது ராத்திரி உட்கார்ந்து கோர்ட் தளத்தைத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் போங்கள், பிரச்சாரம் முடித்து வந்திருப்பார். பிரமாணப் பத்திரத்தையும் அந்த வழக்கு வந்த பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். இது நீங்களா என்று கேளுங்கள். ஏன் நிற்கிறீர்கள் என்றும் கேளுங்கள். ஏதாவது நோட்டை எடுத்துக் காட்டினால் உட்கார்ந்து முழுக்கப் பாருங்கள். போய் வந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா