தம்பியை அடித்தார்கள், ஐ.நா.வுக்கு எழுதலாமா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் விசாரணை என்று என் தம்பியைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய் அடித்தார்கள். உலக மனித உரிமைப் பிரகடனத்தில் இந்தியாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறதே, ஐ.நா.வுக்கு நேரடியாகப் புகார் அனுப்பலாமா?

பதில்: யாரையும் சித்திரவதை செய்யக் கூடாது என்பது அந்தப் பிரகடனத்தின் 5ஆம் பிரிவு. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பிரகடனம் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் அல்ல. 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுத்து அதை ஏற்றது. 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் ஒதுங்கின, எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. இந்தியா ஆதரித்தது. முதல் பிரிவில் ஆண்களை மட்டும் குறிப்பதுபோல் இருந்த சொல் ‘மனிதர்’ என்று மாறியதில் நம் பிரதிநிதி ஹன்சா மேத்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவது, 1966இல் வந்த குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை. இந்தியா 1979இல் அதில் சேர்ந்தது. ஆனால் தனிநபர் புகாருக்கு வழிவிடும் அதன் விருப்ப நெறிமுறையில், அதாவது விரும்பும் நாடுகள் மட்டும் சேரும் துணை ஒப்பந்தத்தில், சேரவில்லை. இலங்கை 1997இல் சேர்ந்தது. அதனால் அங்கிருந்து ஒருவர் ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் புகார் அனுப்பலாம், நம்மால் முடியாது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையிலும் இந்தியா 1997இல் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது, அதற்குக் கட்டுப்படுவதாக உறுதிசெய்யவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது. சித்திரவதை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு எழுதத் தடையில்லை. அவர் அரசிடம் விளக்கம் கேட்கலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது.

சரி, இப்போது என்ன செய்வது? 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கு எழுதுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, தமிழிலேயே எழுதலாம். ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். உங்களுக்கு மீதம் இருப்பது நான்கே மாதம். மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் எடுக்காது என்பதால் இரண்டுக்கும் அனுப்பிக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நாள், நேரம், நிலையத்தின் பெயர், தெரிந்த காவலர் பெயர் எல்லாம் எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை இணையுங்கள். அப்புறம், நிலையத்தின் சிசிடிவி பதிவை வரவழைக்கும்படியும் கேளுங்கள். பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கெடுவும் உங்களுக்கு நான்கு மாதத்தில் முடிகிறது, இந்த வாரமே எழுதிவிடுங்கள்.